முதல் போணி யாருது?

வெகு வெகு காலத்துக்கு முன்னாலே, பூதங்கள் ஊருக்குள்ளே வந்து மனுசரோடு வாயாடிக்கொண்டிருந்த காலத்திலே, செங்காவி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே ஆற்றோரமாக ஒரு கடைத்தெரு. பெரிய தெருவெல்லாம் இல்லை. இந்த முனையில் ஒரு பிள்ளை தும்மினால் அந்த முனையிலிருந்து "நூறு வயசு!" என்று குரல் வரும். அவ்வளவுதான் தெரு.

ஓர் ஐப்பசி மழையில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. வந்தது சும்மா போகுமா? குயவர் சடையன் வேளாரின் சூளையைக் கரைத்தது. ஆவுடையக்காவின் எண்ணெய்ச் செக்கைச் சேற்றில் புதைத்தது. மீரான் பாயின் வளையல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனது. பணியாரக்காரி சிட்டம்மாவுக்குக் கடைதான் வீடு, வீடுதான் கடை. அவளுக்கு அடுப்பும் போச்சு, கூரையும் போச்சு. கைப்பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கோயில் மண்டபத்தில் ஏறி நின்றதால் பிழைத்தாள்.

அழுதார்களா என்று கேட்டால், அழுதார்கள். நன்றாகவே அழுதார்கள். அழுது முடித்ததும் மண்வெட்டியை எடுத்தார்கள். ஆவுடையக்கா செக்கைத் தோண்டி எடுக்கத் தெருவே கயிறு பிடித்தது. வேளார் சிட்டம்மாவுக்குப் புது அடுப்பு போட்டுக் கொடுத்தார். சிட்டம்மா எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். மீரான் பாய் சேற்றில் கிடந்த வளையல்களைப் பொறுக்கிக் கழுவிக் கழுவி அடுக்கினார். மார்கழி பிறப்பதற்குள் எல்லாக் கடையும் எழுந்து நின்றுவிட்டது.

மார்கழி என்றால் அங்கே பனி விழா. சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் விடியற்காலையில் அந்தத் தெருவுக்கு வரும். விளக்கு வாங்கும், எண்ணெய் வாங்கும், வளையல் போட்டுக்கொள்ளும், சுடச்சுடப் பணியாரம் தின்னும். அந்த ஒரு விழா வியாபாரம் நடந்துவிட்டால் போதும், தெரு பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் பாருங்கள், ஆறு திரும்பிப் போனாலும் ஆற்றோடு வந்த சேற்றுப் பூதம் திரும்பிப் போகவில்லை. தெருமுனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. வாயைக் குவித்து ஒரு ஊது ஊதியது. மூடுபனி வந்து தெருவையே மூடியது. வெளியே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரு தெரியாது, வெறும் சதுப்புதான் தெரியும்.

"ஏ கடைக்காரர்களே!" என்றது பூதம். "தெருவுக்குள்ளே ஒரு வியாபாரம் நடந்தால் என் பனி விலகும். ஆனால் முதல் போணி பண்ணுகிறவர் கடையை நான் சேறாக்கி விழுங்குவேன். அது மறுபடி எழும்பாது. விழா அன்றைக்குச் சூரியன் வருவதற்குள் போணியே ஆகவில்லை என்றால் தெரு மொத்தமும் எனக்கு!" சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிப் பாடியது:

"முதல் போணி யாருது? மண்ணாப் போற கடை யாருது?"

போணி என்றால் தெரியுமில்லையா? அன்றைக்கு முதல் முதலாக நடக்கிற விற்பனை. வெளியாள் ஒருத்தரும் வர முடியாது. கடைக்காரர்களே ஒருத்தர் கடையில் ஒருத்தர் வாங்கினால்தான் உண்டு. போணி பண்ணுகிறவர் என்றால் வாங்குகிறவர்தானே, அவர் கடை போய்விடும். யார் வாங்குவார்கள்? சேறு அள்ளக் கூப்பிடாமலே ஓடி வந்தவர்கள், இப்போது அவரவர் கடை வாசலில் உட்கார்ந்து அவரவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விழா நாளும் வந்தது. இன்னும் வெளிச்சம் வரவில்லை. பனிக்கு அந்தப் பக்கம் சனங்களின் குரல் கேட்டது. "இங்கேதானே தெரு இருந்துச்சு?" "வெள்ளத்தோட போயிருக்கும்ப்பா. வா, திரும்பிடலாம்."

சிட்டம்மா உள்ளே திரும்பிப் பார்த்தாள். தூளியில் பிள்ளை தூங்குகிறது. தெரு போனால் அந்தத் தூளியை எங்கே கட்டுவாள்? யோசித்தாள். யோசித்துவிட்டுத் தெருவின் நடுவில் வந்து நின்று கையைத் தட்டினாள்.

"எல்லாரும் வாங்க! முதல் போணி பண்ணினாத்தானே கடை போகும்? எல்லாரும் ஒரே நேரத்துல பண்ணினா எது முதல்? எதை விழுங்கும் அது?"

"அட, ஆமா தாயி!" என்றார் வேளார்.

எல்லாரும் வட்டமாக நின்றார்கள். ஆளுக்கொரு காசு ஒரு கையில், கடைக் காசு வாங்குகிற தட்டு மறு கையில். பக்கத்தில் நிற்பவர் தட்டுக்கு மேலே காசை நீட்டிப் பிடிக்க வேண்டும், ஒரே சமயத்தில் போட வேண்டும்.

"மாமா, சோத்துக் கையால போடுங்க!" என்று மீரான் பாயை அதட்டினாள் சிட்டம்மா.

"போணிக் காசை இடக்கையால போட நான் என்ன நேத்தா கடை வெச்சேன்? தட்டு இந்தக் கையில இருந்துச்சு, மாத்துறேன் இரு."

பூதம் விலா நோகச் சிரித்தது. "செய்யுங்களேன் பார்க்கலாம்! மனுசரை எனக்குத் தெரியாதா?"

வேளார் எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு!"

ஒரு காசும் விழவில்லை. எல்லாரும் மற்றவர் போடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை நொடி பிந்தினால் நம் கடை தப்புமே!

"முதல் போணி யாருது? மண்ணாப் போற கடை யாருது?" என்றது பூதம்.

"கண்ணை மூடிக்கிட்டுப் போடுவோம்" என்றாள் ஆவுடையக்கா. "பார்த்தாத்தானே பயம்?"

கண்ணை மூடினார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு!"

ஒரு காசும் விழவில்லை. ஒவ்வொருத்தரும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். எல்லாருடைய ஒற்றைக் கண்ணும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது.

"ஏ வேளாரே, நீர் முழிச்சுப் பார்த்தீரு!"

"நான் முழிச்சது உனக்கு எப்படித் தெரிஞ்சுது ஆவுடை? நீயும் முழிச்சுத்தானே இருந்தே?"

"முதல் போணி யாருது? மண்ணாப் போற கடை யாருது?" பூதம் தரையில் புரண்டு புரண்டு சிரித்தது.

கிழக்கே வானம் வெளுத்துவிட்டது. பனிக்கு வெளியே வண்டி மாடுகளைத் திருப்பிப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

சிட்டம்மா தன் கடையைப் பார்த்தாள். புது அடுப்பைப் பார்த்தாள். தூளியைப் பார்த்தாள். ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். காசைத் தட்டுக்கு மேலே நீட்டினாள்.

"இனி எண்ண வேண்டாம். நான் போடுறேன். என் கடை போனா உங்க வாசல்ல எங்கேயாவது ஒரு ஓரத்துல அடுப்பு வெச்சுக்குறேன். தெருவே போனா யாரு வாசல்ல போய் நிக்கிறது?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காசை விரல் நுனிக்குக் கொண்டு வந்தாள்.

"ஏட்டி, நில்லு!" ஆவுடையக்கா அலறினாள். "கைப்பிள்ளைக்காரி கடையைக் கொடுத்துட்டு நான் எண்ணெய் வித்துக்கிட்டு இருப்பேனா? நான் போடுறேன்!"

"நீ சும்மா இரு ஆவுடை! அந்த அடுப்பு நான் போட்ட அடுப்பு. நான் போடுறேன்!" என்றார் வேளார்.

"யாரும் போடாதீங்க, நாந்தான்!" என்று பாய்ந்தார் மீரான் பாய்.

"நான்!" "நான்!" "நான்!"

ணங்!

ஒரே சத்தம். வட்டம் முழுக்க எல்லாக் காசும் எல்லாத் தட்டிலும் ஒன்றாக விழுந்தது. பிந்த நினைத்தபோது சேராத கைகள், முந்த நினைத்தபோது சேர்ந்துவிட்டன!

பூதத்தின் சிரிப்பு நின்றது. துள்ளி எழுந்து வேளார் கடைக்கு ஓடியது. "உன்னுது முதலா?"

"ஆமா, என்னுதுதான்!" என்றார் வேளார்.

செக்கடிக்கு ஓடியது. "உன்னுதா?"

"பின்னே? என்னுதேதான்!" என்றாள் ஆவுடையக்கா.

வளையல் கடைக்கு ஓடியது. "அப்போ உன்னுது?"

"சந்தேகமா? என்னுது!" என்றார் மீரான் பாய்.

எல்லாரும் "என்னுது, என்னுது" என்றால் பாவம், பூதம் எதை விழுங்கும்? இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது. ஓட ஓடக் காய்ந்தது. காயக் காய வெடித்தது. கடைசியில் சிட்டம்மா கடை வாசலில் பொலபொலவென்று உதிர்ந்து வெறும் மண்ணாய்க் கிடந்தது. அவள் துடைப்பத்தை எடுத்து ஓரமாகத் தள்ளினாள். வியாபார நேரத்தில் வாசலில் குப்பை கிடக்கலாமா?

பனி விலகியது. முதல் வெயில் தெருவுக்குள் வந்தது. வெயிலுக்குப் பின்னாலேயே வண்டி வண்டியாகச் சனம் வந்தது.

"அட, தெரு இங்கேதான் இருக்கு!"

"எங்கே போகும்? இங்கேதான் இருந்தோம். வாங்க, வாங்க! வளையல் வேணுமா? விளக்கு வேணுமா?"

அன்றைக்கு வேளாரிடம் ஒரு அகல்கூட மிஞ்சவில்லை. ஆவுடையக்காவின் செக்கு நிற்கவே இல்லை. மீரான் பாய்க்கு வளையல் போட்டுப் போட்டு விரல் வீங்கிவிட்டது. சிட்டம்மா ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் பணியாரம் திருப்பினாள். மாவு தீரத் தீர ஆவுடையக்கா வந்து ஆட்டிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் பனி விழா விடியலில் யாரும் தனியாகப் போணி பண்ணியதே இல்லை. வட்டமாக நின்று எல்லாரும் ஒன்றாகக் காசு போட்ட பிறகுதான் கடை திறப்பார்கள். கேட்டால், "எங்க தெருவுக்கு ஒரே போணிதான்" என்பார்கள்.

அவர்கள் அங்கே விற்றுப் பிழைத்தார்கள், நாம் இங்கே கேட்டுச் சிரித்தோம். போங்கள், போய்ப் பல் தேய்த்துவிட்டு வாருங்கள். பணியாரச் சட்டி காய்ந்துவிட்டது.