சாட்சி கேட்ட சொல்

"ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும் டீச்சர்."

எப்சிபா உட்காராமலே சொன்னாள். ஆங்கிலம்-தமிழ் அகராதி தயாராகும் அந்த வீட்டில், ஞானசுந்தரி டீச்சரிடம் தொழில் கற்க வந்தவள்.

'அவ' என்றது கூடக் கற்கும் சண்முகவடிவை. எப்சிபா எழுதிய நாற்பது சொல்லட்டைகளை அடுப்பில் போட்டவள். கை தவறிவிட்டதாம். டீச்சர் அவளிடமிருந்து பேனாவைப் பிடுங்கிப் பசை காய்ச்ச அனுப்பிவிட்டார். அப்படியும் எப்சிபாவுக்கு ஆறவில்லை.

"வெறுக்கிறியோ?"

"அது போதாது டீச்சர். டிடெஸ்ட்."

"நல்லதாப் போச்சு. அந்தச் சொல்லுக்கு இன்னும் அட்டை இல்ல. எழுது."

வீட்டு வழக்கம் இது: உதாரண வாக்கியம் எழுதுபவளின் வாழ்க்கையில் நடந்திருக்க வேண்டும். அதை நேரில் கண்டவர் அட்டையின் கீழே கையெழுத்துப் போட வேண்டும். வேறு அகராதியைப் பார்த்து எழுதினால் அன்றைக்கே பெட்டி வாசலில்.

எப்சிபா நின்றபடியே எழுதினாள்: 'நான் சண்முகவடிவை அடியோடு வெறுக்கிறேன்.'

"லத்தீன்ல இதோட வேர் சாட்சி. கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டு ஒருத்தரைச் சபிக்கிறது. உனக்கு யாரு சாட்சி?"

"கடவுள் கையெழுத்துப் போடுவாரா டீச்சர்?"

"மாட்டாரு. உன் வெறுப்பை முழுசா பார்த்தவங்ககிட்ட வாங்கிட்டு வா."

முழுசாகப் பார்த்தவள் ஒருத்திதான். எப்சிபா பசை அடுப்புக்குப் போனாள்.

சண்முகவடிவு அட்டையைப் படித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

"கோபம் வரலையா உனக்கு?"

"உள்ளதைத்தானே எழுதியிருக்க."

"என் அட்டையை ஏன்டி எரிச்ச?"

சண்முகவடிவு கரண்டியை நிறுத்தவில்லை.

"பழைய அகராதியில இருக்குற அச்சுப்பிழை உன் நாற்பது அட்டையில மூணுல அப்படியே இருந்துச்சு. மறுநாள் டீச்சர் அட்டைங்களைச் சரிபார்க்கிற நாள்."

எப்சிபா அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வாதாடுவ. பொழுது விடிஞ்சிரும்."

டீச்சர் முன்னால் எப்சிபா அட்டையை வைத்தாள்.

"சாட்சி இருக்கு. அப்புறம் என்ன?"

"வாக்கியம் பொய்யாயிடுச்சு டீச்சர். அந்த நாற்பதும் நான் பார்த்து எழுதினது. அவதான் என்னைக் காப்பாத்தினா. பெட்டியை நானே எடுத்துக்கிறேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"விசாரிக்காம அவ பேனாவைப் பிடுங்கினவ நான். பசையை நான் பார்த்துக்கிறேன். அவளை எழுத வரச்சொல்லு. நீ பக்கத்துல உட்காரு."