கல்லில் வைத்த உப்பு

மொக்கையனுக்கு முதலில் துரோகம் செய்தது ஒரு பூதம். மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஊசிமலைக்கு மேலே பூதங்கள், கீழே மனிதர்கள். நடுவில் ஒரு தட்டைக் கல். கீழே உள்ளவன் அந்தியில் கல்லின் மேல் உப்பைக் குவித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட வேண்டும். இரவில் பூதம் வந்து உப்பை அள்ளிக்கொண்டு, மூங்கில் குழாயில் தேன் வைத்துவிட்டுப் போகும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலையில் மொக்கையன் போனபோது கல்லில் உப்பும் இல்லை, தேனும் இல்லை.

ஊர் சிரித்தது. டீக்கடையில் கிளாஸை நீட்டும்போதே, "பாத்துண்ணே, பூதம் புடுங்கிரப் போகுது" என்றார்கள்.

அவன் அடிவாரத்துச் சாமியிடம் போய்ச் சீடனாகச் சேர்ந்தான். சாமி அவனைவிட வயதில் இளையவர். விறகு பிளந்தான், தண்ணீர் சுமந்தான். வாயைத் திறக்கவில்லை. தலை முழுக்க நரைத்த பிறகு, ஒரு நாள் கடப்பாரையோடு வந்து நின்றான்.

"சாமி, பூதத்துக்கு மனுசன் அளவுக்கு அறிவு உண்டா, இல்லையா?"

"எதுக்கு?"

"இல்லைன்னா, மாடு மேஞ்ச மாதிரின்னு விட்டுர்றேன். உண்டுன்னா அது திருட்டு. கல்லை நெம்பிப் பள்ளத்துல தள்ளிருவேன். இனி ஒருத்தனும் அங்க உப்பு வைக்கக் கூடாது."

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அன்னைக்கு ராத்திரி மழையா?"

"மழைதான்."

"கரைஞ்சிருக்கும்."

"தேக்கிலை போட்டு மூடி வச்சேன் சாமி. மழை மேல பழியைப் போடாதீங்க."

"சரி."

சாமி ஒரு புழுவை எடுத்துப் புல்லில் விட்டார்.

"முந்தாநாள் மேலேருந்து ஒருத்தன் இறங்கி வந்தான். நீ நிக்கிற இடத்துலதான் நின்னான்."

"பூதமா?"

"பூதந்தான். மனுசனுக்குப் பூதம் அளவுக்கு அறிவு உண்டான்னு கேட்டான்."

"கொழுப்பைப் பாருங்க."

"ஒரு மழை ராத்திரி கல்லுக்கு வந்தானாம். உப்பு இல்லையாம். விடிஞ்சா வந்துரும்னு நம்பித் தேனை வச்சுட்டுப் போனானாம். மறுநாள் வந்தா அதையும் காணோம். மேலே இன்னும் அவனைப் பாத்துச் சிரிக்கிறாங்களாம்."

"நான் தொடவே இல்லை. கரடி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"நானும் அதைத்தான் சொன்னேன். கரடி மேல பழியைப் போடாதீங்கன்னான்."

மொக்கையன் மலையைப் பார்த்தான். மேகம் இறங்கி உச்சி தெரியவில்லை.

"அவன் கேள்விக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"உனக்குச் சொன்னதைத்தான்."

"எனக்கு நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

"அவனும் இதையேதான் சொன்னான்."

மொக்கையன் தன் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்தான்.

"வரும்போது வெறுங்கையோடவா வந்தான்?"

"வேரோட புடுங்கின மரம் ஒண்ணைத் தோள்ல போட்டுட்டு வந்தான். கல்லை நெம்பறதுக்காம். போகும்போது இங்கேயே போட்டுட்டுப் போயிட்டான். நேத்து நீ பிளந்தியே, அந்த விறகுதான்."

மொக்கையன் கடப்பாரையைச் சுவரோடு சாய்த்து வைத்தான். படலைத் திறந்து வெளியே போனவன், நின்று திரும்பினான்.

"அதெல்லாம் இருக்கட்டும் சாமி. என் உப்பு?"

"அவன் 'என் தேன்?'னு கேட்டான்" என்றார் சாமி.