அடுப்புச் சாம்பல்ல படுத்த குட்டி

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம், அவரு அரண்மனைச் சமையக்கட்டுல நாகப்பன்னு ஒரு தலைமைச் சமையக்காரன் இருந்தானாம், காத்தாயின்னு ஒருத்தி அங்க பாத்திரம் தேய்ச்சாளாம்.

நல்ல மார்கழிக் குளிர்ல ஒரு செவலைப் பூனை அங்க மூணு குட்டி போட்டுச்சு. காத்தாயி ஒரு கூடையில பழஞ்சீலையை விரிச்சு, அடுப்புக்குத் தள்ளி மூலையில குட்டிங்களை விட்டா. "என் சமையக்கட்டுல பூனைக்கு மெத்தையாடி?"ன்னு நாகப்பன் கூடையைத் தூக்கி வெளிய வீசுனான். மறுநாளும் வச்சா, மறுநாளும் வீசுனான். மூணாம் நாளும் வச்சா, மூணாம் நாளும் வீசுனான். சின்னஞ்சிறு உசுரு, குளிருமா குளிராதா, நீங்களே சொல்லுங்க! அன்னைக்கு ராத்திரி கதகதப்பைத் தேடிப் போயி அடுப்புச் சாம்பலுக்குள்ள சுருண்டுக்கிச்சுங்க.

விடிஞ்சதும் நாகப்பன் வந்தான். "அண்ணே, குட்டிங்களைக் காணோம், குனிஞ்சு பாத்துட்டு மூட்டுங்க!"ன்னு காத்தாயி கிணத்தடியிலேருந்து கத்துனா. "உன் வேலையைப் பாரு"ன்னுட்டு, பாக்காமலே விறகைத் திணிச்சுத் தீயை வச்சிட்டான், படுபாவி!

உள்ளேருந்து ஒரு அலறல். ரெண்டு குட்டி தாவி ஓடிருச்சு, கடைக்குட்டி மாட்டிக்கிச்சு. காத்தாயி ஓடிவந்து வெறுங்கையை விட்டு இழுத்தா. அவ கையும் பொசுங்கிருச்சு, குட்டி காலும் பொசுங்கிருச்சு. ரெண்டுலயும் பச்சத்தண்ணிய ஊத்திக்கிட்டு, குட்டியை மடியில கட்டிக்கிட்டு நேரா ராசாகிட்ட போயிட்டா.

"ஒரு பூனைக்குட்டிக்கா வழக்கு?"ன்னு ராசா சிரிச்சாரு.

"அதுக்குப் பேச வாயில்ல ராசா, எனக்கு இருக்கு!"ன்னா காத்தாயி.

நாகப்பனைக் கூப்புட்டாங்க. "பொய் ராசா! அடுப்பு சூடேறவே இல்ல, குட்டிக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சாதிச்சான்.

"அப்படியா? அப்ப அந்த அடுப்புக்குள்ள அவரு கையை வைக்கச் சொல்லுங்க"ன்னா காத்தாயி.

ராசா எல்லாரையும் கூட்டிக்கிட்டு சமையக்கட்டுக்கே போயிட்டாரு. காலையில வச்ச தீ இன்னும் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. "ம், வை கையை!" நாகப்பன் பின்னால நகர்ந்தான். "வை!" இன்னும் நகர்ந்தான். "வைடா!"

"ஐயோ ராசா, வெந்துருமே!"ன்னு அலறிட்டான்.

ராசாவுக்குச் சிரிப்பெல்லாம் போயிருச்சு. "உன் கை வேகும், அது கால் வேகாதோ? போடா, இனிமே உனக்குக் கரண்டி கிடையாது. தினம் காலையில ஒவ்வொரு அடுப்பா மண்டி போட்டு, உள்ள குட்டி இருக்கான்னு தடவிப் பாத்து, சாம்பல் அள்ளுறதுதான் உன் வேலை. வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு அடுப்பையும் மூடி போட்டு மூடணும். காத்தாயி சொல்றதுதான் இங்க சட்டம்!"

கடைக்குட்டி கால் ஆற ஒரு மாசம் ஆச்சு, கொஞ்சம் நொண்டும், ஆனா நல்லா ஓடும். நாகப்பன் மூஞ்சியில கரி போகவே இல்ல.

அதனால கண்ணுங்களா, குட்டி உள்ள வீட்டுல குனிஞ்சு பாக்காம அடுப்பை மூட்டாதீங்க. கதை ஆறிப்போச்சு, போய்ப் படுங்க.