அறுபத்து மூன்று காலி உறைகள்

"அம்மா, செத்துப்போனவ சேர்த்து வெச்சதை விக்கலாங்களா?"

மலைச்சரிவில் இருந்த குடிலின் வாசலில் கீரை விதை புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பத்து மாதமாக வராத நாச்சிமுத்து நின்றிருந்தார். தோளில் ஒரு கனத்த பை.

அவருக்கு அறுபத்தெட்டு. அவர் குருவாக வரித்துக்கொண்ட அம்மாவுக்கு நாற்பதுதான். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் கேட்டுக்கொள்வதில்லை.

"யார் போனது?"

"எங்க வீட்டுக்காரிங்க. பத்து மாசமாச்சு."

"பேர் இல்லையா?"

"இருக்குதுங்க" என்றார். சொல்லவில்லை.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "உக்காருங்க. பையில என்ன?"

"ஸ்டாம்பு. ஒம்பது ஆல்பம். அவளுக்கு அது ஒரு பைத்தியம். தெருவுல ஒரு வீட்டுக்குத் தபால் வந்தாப் போதும், கவரைக் கேட்டு வாங்கிட்டு வந்துருவா. தண்ணியில ஊறப்போட்டு, உரிச்சு, துண்டுல காய வெச்சு ஒட்டுவா. இப்பப் பூச்சி அரிக்குதுங்க. தாராபுரத்துல ஒரு பல் டாக்டர் இதே கிறுக்குப் பிடிச்சவர். எனக்கு வெலைக்குக் குடுங்க, கண்ணாட்டம் வெச்சுக்கறேன்னார். இன்னைக்குத் தர்றதாச் சொல்லியிருக்கேன்."

"குடுக்க வேண்டியதுதானே?"

"அதுக்குள்ள ஒரு தப்புப் பண்ணிட்டனுங்க."

அம்மா முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"நான் ரயில்ல தபால் பிரிக்கிற வேலையில இருந்தேன். மாசத்துல பாதி நாள் வெளியூரு. புது ஸ்டாம்பு வந்தா ஒரு கவர்ல ஒட்டி, அவ பேருக்கு அனுப்புவேன்."

"உள்ள என்ன எழுதுவீங்க?"

"ஒண்ணும் எழுதமாட்டேன். காலிக் கவர்தான். ஸ்டாம்புக்குத்தானே அனுப்பறது?"

அம்மா சிரிக்கவில்லை.

"பீரோவுல அடியில இருந்துச்சு. அறுபத்து மூணு கவர். ஒண்ணுலகூட ஸ்டாம்பை உரிக்கலை. பாக்கி வெச்சுட்டுப் போயிட்டா போலிருக்கு, நாமளே முடிச்சுக் குடுத்துருவோம்னு நெனச்சேன். அவ பண்ற மாதிரியே அண்டாவுல தண்ணி ஊத்தி அத்தனையும் முக்கினேன்."

பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். காய்ந்து சுருங்கியிருந்தது. ஒரு மூலையில் ஸ்டாம்பு இருந்த இடம் சதுரமாக வெளுத்திருந்தது. நடுவில் நீலமாக ஒரு கறை.

"தண்ணி நீலமாச்சு. அப்பத்தான் புரிஞ்சுதுங்க, ஏன் உரிக்காம வெச்சிருந்தான்னு."

விதைகளைக் கொத்த ஒரு குருவி வந்தது. யாரும் விரட்டவில்லை.

"ஊரான் வீட்டுக் கவரையெல்லாம் உரிச்சவ, எங் கையெழுத்தை மட்டும் நனைக்கலை. அதை நான் நனைச்சுட்டேன். இனி இந்த ஆல்பத்தையும் குடுத்துட்டா அவளுக்குன்னு என்ன மிஞ்சும்? சொல்லுங்கம்மா. குடுக்கட்டுங்களா, வேண்டாங்களா?"

அம்மா உறையை வாங்கி அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"படிங்க."

"இதுலதான் ஒண்ணுமே இல்லீங்களே."

"படிங்க."

நாச்சிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கறையைப் பார்த்தார்.

"திருமதி நா. மரகதவல்லி. நாலு பை பதினேழு, செக்குமேடு வீதி..." ஊர் சொன்னார். பின்கோடு சொன்னார். ஓர் எண்கூடப் பிசகவில்லை.

"வீட்டுல என்னன்னு கூப்பிடுவீங்க?"

"'இந்தா'ம்பேன்."

"பேர் சொல்லி?"

"எங்க பக்கம் வழக்கமில்லீங்க."

"முப்பத்தஞ்சு வருஷமா?"

"முப்பத்தெட்டு."

"இப்பக் கூப்பிடுங்க."

"என்னம்மா இது, இந்த வயசுல..."

"எனக்குக் காது நல்லாக் கேக்கும். எனக்காக வேண்டாம். அவங்களுக்குக் கேக்கற மாதிரி கூப்பிடுங்க."

அவர் எழுந்தார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. மலையைப் பார்த்தார், பிறகு பாதையை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மரகதம்."

குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை கூப்பிட்டார். குருவி பறந்து போனது.

"மரகதம்!"

அப்படி அவர் எந்த உறையிலும் எழுதியதில்லை.

அடுப்படியிலிருந்து "என்னங்க" என்று ஒரு குரல் வர எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் நின்றார். அதற்கு மேலும் நின்றார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றினார். முகம் நனைந்திருந்தது. பத்து மாதத்தில் முதல் தடவை.

"வரமாட்டாளுங்கம்மா" என்றார்.

அம்மா ஆல்பப் பையைத் தூக்கி அவர் தோளில் மாட்டிவிட்டாள்.

"தாராபுரம் பஸ் வரும். இறங்குங்க."