நடுப்பாறைக் காவல்

"அம்மா, இந்த மணி அடிக்கிற வேலைய இனிமே என்கிட்ட குடுக்காதீங்க. வேற யாருகிட்டயாவது குடுத்துடுங்க."

குணசீலன் தரையில் விழுந்து கும்பிட்டார். கும்பிட்டவர் எழுந்திருக்கவில்லை.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. தவமணி அம்மாளுக்கு முப்பத்தாறு. சின்னவர் குருவாகவும் மூத்தவர் சீடராகவும் இருப்பதில் ஆசிரமத்தில் யாருக்கும் சங்கடம் இல்லை. குணசீலனின் சொந்தக்காரர்களுக்குத்தான் இருந்தது.

ஆசிரமம் ஆற்றங்கரையில். ஆற்றின் நடுவே ஒரு பாறை, அதன்மேல் பாதம் செதுக்கிய கல். கும்பிட வருகிறவர்கள் கணுக்கால் தண்ணீரில் நடந்தே போய் வருவார்கள். ஆனால் மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் பத்தே நிமிஷத்தில் ஆள் முழுகும் அளவுக்கு ஏறிவிடும். ஆறு வளையும் இடத்தில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல் உண்டு. அது நனைந்த உடனே கரையிலிருக்கும் மணியை அடிக்க வேண்டும்.

கல்லைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த அவ்வளவுதான் குணசீலனுக்கு முடியாத வேலை.

அம்மாள் அப்போதுதான் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார். "என்ன நடந்துச்சு, எந்திரிச்சு உக்காந்து சொல்லுங்க" என்றார்.

"மணிக்கயிறு பிரி விட்டிருந்துச்சும்மா. சமயத்துல அறுந்துட்டா என்ன பண்றதுன்னு அவுத்து முறுக்க ஆரம்பிச்சேன்."

"நல்லா முறுக்குனீங்களா?"

"ரொம்ப நல்லா."

"அப்புறம்?"

"நிமிந்து பாத்தா வெள்ளைக் கல்லக் காணோம். பாறையில அஞ்சு பேரு. ஒரு பொம்பளை கையில கைக்குழந்தை."



"மீன் பிடிக்க வந்த பரிசல்காரர் ஏத்திக்கிட்டு வந்துட்டாரும்மா. அவர் மட்டும் இல்லேன்னா..."

அம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"போன மாசம் டவுன்ல டாக்டரைப் பாத்தேன்மா. ஏ.டி.எச்.டி.ன்னு சொல்றாரு. கவனம் ஒரு எடத்துல நிக்காதாம். சின்ன வயசுலேர்ந்தே இருக்காம். சோம்பேறி, திமிர் புடிச்சவன், அக்கறை இல்லாதவன்னு ஊரு உலகம் சொன்னதுக்கெல்லாம் அதான் பேராம். மாத்திரை குடுத்திருக்காரு."

"போடுறீங்களா?"

"போடுறேன். கொஞ்சம் தெளிவா இருக்கு."

"விடாம போடுங்க."

"ஆனா பயம் போகலையேம்மா. அடுத்த தடவை பரிசல் இல்லேன்னா?"

"அடுத்த தடவை நீங்க என்ன செய்வீங்க?"

குணசீலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டு வருஷத்தில் ஆறு ஆபீஸில் வேலை பார்த்தவர். ஆறிலும் சொன்ன பதில் அவருக்கு மனப்பாடம்.

"இனிமே மறக்க மாட்டேன்மா. சத்தியமா."

அம்மாள் எழுந்து நின்றார்.

"சரி. நாளைக்குப் பாறைக்கு நான் போறேன். காவல் நீங்க."

மறுநாள் காலை, மற்றவர்கள் ஆற்றில் இறங்கக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டு, அம்மாள் மட்டும் நடந்து போய்ப் பாறையில் உட்கார்ந்தார். கரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. அது குணசீலனுக்கும் தெரியும்.

அன்றைக்குக் குணசீலன் சோறு தின்னவில்லை. ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. கண் எரிந்தது, வாய் காய்ந்தது. வெள்ளைக் கல்லை விட்டுப் பார்வை நகரவே இல்லை. இந்த மனசா கட்டுக்கு அடங்காத மனசு என்று அவருக்கே ஆச்சரியம்.

சாயங்காலம் அம்மாள் கரையேறினார்.

"எப்படி இருந்துச்சு?"

"உயிரே போயிடுச்சும்மா. ஆனா ஒரு நொடிகூட மறக்கல. இனிமே மறக்க மாட்டேன்."

"அப்படியா? அப்ப நாளைக்கும் போறேன்."

இரண்டாம் நாளும் அப்படியே போனது. பயம் அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தது.

சாயங்காலம் கேட்பதற்கு முன்பே சொன்னார். "இன்னைக்கும் மறக்கலம்மா. இனிமே மறக்கவே மாட்டேன்."

"சரி. நாளைக்கும் போறேன்."

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு கொட்டாவி வந்தது. அதைக் கண்டு குணசீலன் நடுங்கிப் போனார். தொடையைக் கிள்ளிக்கொண்டார், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். பயம்கூட மூன்று நாளில் பழகிப் போகும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"இனிமே மறக்க மாட்டேன்மா."

அம்மாள் முகம் வாடியது. "நாளைக்கும் போறேன்" என்று மட்டும் சொன்னார்.

நாலாம் நாள்.

கரையில் சாய்ந்திருந்த கருவேல மரத்தில் ஒரு தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருந்தது. நார் ஒன்றை அலகால் உள்ளே விட்டு, அந்தப் பக்கம் போய் இழுத்து, மறுபடி உள்ளே விட்டது. முடிச்சு எங்கே விழுகிறது? அடுத்த நார் மேலே போகுமா, கீழே போகுமா? ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்று.

வெயில் காலில் சுட்டது.

உட்கார்ந்தபோது கால் நிழலில் இருந்ததே.

குணசீலனுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. எவ்வளவு நேரம்? தெரியவில்லை. வெள்ளைக் கல் பக்கம் திரும்பப் பயம். அது அங்கே இல்லாவிட்டால்? அவர் பார்க்கவில்லை. பாய்ந்து போய்க் கயிற்றைப் பிடித்து மணியை அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் ஓடி வந்தார். வழுக்கி விழுந்து எழுந்து, மூச்சு வாங்கக் கரையேறிய பிறகுதான் மணி நின்றது.

"தண்ணி ஏறிடுச்சா?"

குணசீலன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். வெள்ளைக் கல் வெயிலில் உலர்ந்து கிடந்தது.

"இல்லம்மா."

"பின்ன ஏன் அடிச்சீங்க?"

"நான் இங்க இல்லம்மா. எங்கயோ போயிட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல."

அம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்தார். விரல்கள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"அம்மா, உங்களுக்குப் பயமா?"

"மொத நாள்லேர்ந்து."

குணசீலனுக்கு மறக்க மாட்டேன் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினார்.

"மறப்பேன்மா. நாளைக்கும் மறப்பேன்."

குணசீலன் தன் நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினார்.

"நீங்க அங்க போகாதீங்க. இங்க என் பக்கத்துல உக்காருங்க. நான் எங்கயாவது போயிட்டா தோள்ல தட்டுங்க. நீங்க இல்லாத நாள்ல வேற யாரையாவது உக்காரச் சொல்லுங்க. தனியா என்னால முடியாதும்மா."

சொல்லி முடித்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. பிறந்ததிலிருந்து யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

தவமணி அம்மாள் முந்தானையைப் பிழிந்தார். 

"ஏங்க," என்றார், "இத மொத நாளே கேட்டிருந்தா, நீச்சல் தெரியாத நான் நாலு நாளா அந்தப் பாறையில உக்காந்திருப்பேனா?"