பாதித் தட்டும் விடாத கயிறும்

எங்கள் மேலப்பொட்டல்காரர்களுக்கு அறிவு கொஞ்சம் கம்மி என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. நானும் அந்த ஊரில் பிறந்தவன்தான், அதனால் சொல்கிறேன், இது அபாண்டம். இருக்கிற அறிவைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க் கயிறு இழுக்கும் அணிக்குத் தலைவர் மாசிலாமணி. வீடு, வயல், மனைவி செண்பகம், எதிலும் அவருக்குக் குறையில்லை. ஒரே குறை மச்சினன் வேலாண்டி. கீழப்பொட்டல் அணிக்கு அவன்தான் தலைவன். அக்காள் புருஷனை அத்தான் என்று கூப்பிட வேண்டியவன், நடுச்சந்தையில் நின்று, "ஏ, மாவு மூட்டை வருது, வழி விடுங்க!" என்பான்.

காரணம் இல்லாமல் இல்லை. பொங்கல் போட்டியில் ஓர் அணிக்கு ஆறு பேருக்கு மேல் கூடாது. அவர்களின் மொத்த எடை நானூற்று எண்பது கிலோவைத் தாண்டக் கூடாது. மூன்று வருடமாக எங்கள் ஆட்கள் தராசிலேயே தோற்றுத் திரும்பினார்கள். கயிறு கறுப்பா சிவப்பா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

"இந்தத் தடவை ஜெயிச்சா என்னைய அத்தான்னு கூப்பிடுவியாலே?" என்று மாசிலாமணி கேட்டேவிட்டார்.

"மொதல்ல கயித்தைத் தொடும், பொறவு பாப்போம்" என்றான் வேலாண்டி.

அந்த ஒரு வார்த்தைக்காக மாசிலாமணிக்குத் தூக்கம் போயிற்று. பசி மட்டும் போகவில்லை.

டவுனில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் தங்கையா வாத்தியாரைக் கையோடு கூட்டி வந்தார். வாத்தியார் ஆறு பேரையும் ரைஸ்மில் தராசில் நிறுத்தினார். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது.

"பதினெட்டு கிலோதான். ஆனா வெறும் பட்டினி கெடந்து எளைக்கக் கூடாது. கொழுப்பு போகணும், தசை நிக்கணும். தசை போச்சுன்னா இழுக்க பலம் எங்க இருக்கும்?" என்றவர் கட்டளைகளை அடுக்கினார். "தட்டுல இருக்கதுல பாதியை விட்ருங்க. ஒவ்வொரு வாயையும் எண்ணி நாப்பது தடவை மெல்லுங்க. மணல் மூட்டையைத் தூக்கிட்டு தெனமும் ஒரு மைல் நடங்க, நடுவுல எறக்கக் கூடாது. கடைசியா, கயித்தைப் புடிச்சா நான் விசில் ஊதுத வரைக்கும் உசுரே போனாலும் விடக் கூடாது."

ஆறு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

மறுநாள் செண்பகம் ஆறு தட்டில் சோறு போட்டாள். ஆளுக்குப் பாதி சாப்பிட்டு, பாதியை விட்டார்கள். மிச்சம் கிடக்கும் சோற்றை விட்டு மாசிலாமணி கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, நம்ம தட்டுல உள்ள பாதியைத்தான விடச் சொன்னாரு? பக்கத்துத் தட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றான் பூலித்துரை. அணியில் படித்தவன் அவன். ஐந்தாம் வகுப்பை மூன்று முறை படித்தவன்.

தட்டுகளை வலப்பக்கம் தள்ளினார்கள். வந்த தட்டிலும் பாதிதான் சாப்பிட்டார்கள், கட்டளை கட்டளைதானே. மறுபடி தள்ளினார்கள். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சும்வரை தள்ளினார்கள். அந்தப் பருக்கையில் பாதியை எப்படி விடுவது என்று அரை மணி நேரம் ஆலோசித்து, பாதியாக்க வசதியாக இன்னும் இரண்டு கரண்டி சோறு போடச் சொன்னார்கள்.

மெல்லுவது அதைவிடக் கஷ்டம். எண்ணிக்கை நடுவில் தப்பிவிட்டால் அந்த வாய் கணக்கில் சேராது. புதுக் கவளம் வைத்து ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். மாசிலாமணிக்கு முப்பதுக்கு மேல் எண்ணத் தடுமாறும். காலைச் சாப்பாடு முடிய மதியம் ஆகும். உடனே மதியச் சாப்பாடு.

மூட்டை தூக்கி நடப்பதை முதல் நாள் ஒழுங்காகத்தான் செய்தார்கள். வழியில் ரைஸ்மில் வந்தது. இறக்கக் கூடாது என்பதால் மூட்டையோடே தராசில் ஏறினார்கள். ஆளுக்கு முப்பது கிலோ கூடியிருந்தது.

"அரை மைல் நடந்ததுக்கே முப்பது கிலோவா!" என்று மாசிலாமணி அலறினார். உடற்பயிற்சி அன்றோடு நின்றது.

போட்டி நாள் வந்தது. தங்கையா வாத்தியார் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆசையாக வந்து நின்றார். தராசு ஐந்நூற்று மூன்று காட்டியது.  வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

எதிரே வேலாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தான். மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. நாலாவது வருடமும் மாவு மூட்டைதானா?

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல அண்ணாச்சி" என்றான் பூலித்துரை. "நாம ஆறு பேரும் சேந்து ஒரு அணி. ஒரு ஒடம்பு மாதிரி. அதுல எது கொழுப்புன்னு பாத்து எடுத்துட்டா முடிஞ்சுது."

"எது கொழுப்பு?"

"ரொம்ப கனமா இருக்கதுதான்."

எல்லோரும் அரியமுத்துவைப் பார்த்தார்கள். மரக்கடையில் தேக்குத் தடி தூக்குகிறவன். நூற்று நாலு கிலோ, அத்தனையும் இரும்பு. கயிற்றின் கடைசியில் அவன் நின்றால் லாரியே நகராது.

"நானா கொழுப்பு?" என்று அவன் பாவமாகக் கேட்டான்.

"கணக்கு அப்படித்தான் வருது தம்பி. மனசுல வச்சுக்காத" என்றார் மாசிலாமணி. அரியமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினான். மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. நடுவர் தலையாட்டினார். மேலப்பொட்டல் முதன்முதலாகக் கயிற்றைத் தொட்டது.

பத்து எண்ணுவதற்குள் ஐந்து பேரும் குப்புற விழுந்து கோட்டைத் தாண்டி இழுபட்டார்கள். நடுவர் விசில் ஊதினார். யாரும் கையை எடுக்கவில்லை.

"முடிஞ்சுது, விடுங்கய்யா!"

"ஊதினது எங்க வாத்தியார் இல்லையே" என்றார் மாசிலாமணி, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு. "ஏ அரியமுத்து! பஸ்ஸைப் புடிச்சி வாத்தியாரைக் கூட்டியா."

கயிறு கீழப்பொட்டல்காரர்களுடையது. அவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு அதைச் சுருட்டி டிராக்டரில் போட்டார்கள். கயிற்றோடு ஐந்து பேரும் ஏறினார்கள். வேலாண்டி வீட்டு முற்றத்தில் கயிற்றை இறக்கியபோது அவர்களும் இறங்கினார்கள்.

வாசலுக்கு வந்த மாமியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வாங்க மருமவனே! பொங்கலும் அதுவுமா ஆளுகளையும் கூட்டிட்டு வந்திருக்கீகளே!" என்று இலை போட்டார். கை ஒன்றும் காலியில்லை என்று தெரிந்ததும் அவரே சோற்றை உருட்டி வரிசையாக வாயில் ஊட்டினார்.

மாசிலாமணி கண்ணை மூடி எண்ணி மென்றார். முப்பதைத் தாண்டிவிட்டார். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. வாழ்க்கையில் இவ்வளவு தூரம் வந்ததே இல்லை.

"என்னலே மரம் மாதிரி நிக்கே? வீட்டுக்கு வந்தவருக்கு நெய் வேணுமான்னு மொறையாக் கேளு" என்று மாமியார் மகனை அதட்டினார்.

வேலாண்டி தலையைக் குனிந்துகொண்டு, ஊரே வேடிக்கை பார்க்க, நெய்க் கிண்ணத்தோடு வந்தான்.

"அத்தான், நெய் விடட்டுமா, அத்தான்?"

 பூலித்துரை மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தலைவரைப் பார்த்தான். மாசிலாமணி கண்ணைத் திறந்தார். அதில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"பாவிப்பயலே, முப்பத்தொம்பதுல இருந்தேன்லே! எண்ணிக்கை போச்சே!" என்று கதறினார். "அத்தை, இன்னொரு உருண்டை வைங்க. மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இவனைச் செத்த நேரம் வெளிய போகச் சொல்லுங்க."