கயிறு போட்ட வரிசை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று எனக்குத் தெரியாது; தெரியும் என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். அந்த ராஜாவுக்கு வில்போட்டிப் பைத்தியம்.

ஒரு வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வல்லவன் வல்லவனோடு மோதட்டும், கற்றுக்குட்டி கற்றுக்குட்டியோடு மோதட்டும் என்று வில்லாளிகளை மூன்று வரிசையாகப் பிரித்தார். நீண்ட மண்சுவரில் ஒரு பலகை. ஆளுக்குக் குறி போட்ட மூன்று அம்பு. மூன்றும் பலகையில் பட்டால் முதல் வரிசை, ஒன்றிரண்டு பட்டால் நடு வரிசை, ஒன்றுமே படாவிட்டால் கடை வரிசை. மறுநாள் போட்டி. கடை வரிசையில் ஜெயிப்பவனுக்குக் கோட்டை வாசல் காவல் வேலை.

ராஜாவும் மூன்று அம்பு விட்டார். அவை எங்கே போனாலும் அவர் முதல் வரிசைதான். கேட்க யாருக்குத் தைரியம்?

அந்த வேலையை நம்பி வந்தவன் கறுப்பன். தினைக்காட்டுக் காவலாளி. பன்றி கடித்து ஒரு கால் போனவன். இனி காட்டில் ஓட முடியாது, வாசலில் உட்காரலாம். அவன் அம்பு மூன்றும் சுவரில் மூலைக்கொன்றாகக் குத்தி நின்றன.

படைத்தலைவரின் மைத்துனன் செங்கோடனும் கடை வரிசைக்கே வந்து சேர்ந்தான். மாங்காய்க் காம்பை அறுக்கிற குறிக்காரன் அவன். ஆனால் வாசலில் உட்கார்ந்தால் போகிற வண்டியெல்லாம் வாழைத்தார் இறக்கிவிட்டுப் போகுமே.

அரண்மனை விகடகவி இடும்பன் இதைப் பார்த்துச் சிரித்தான். படைத்தலைவருக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"மன்னா, தங்கள் வரிசையைப் பார்த்து இவன் நகைக்கிறான். இவனே திறமைப்படி பிரிக்கட்டும். ஒருவன் குறை சொன்னாலும், நாளை பலகையை இவன் மார்பில் கட்டுவோம்" என்றார் படைத்தலைவர்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

இடும்பன் ஒரு மாட்டுக் கயிறு கொண்டுவரச் சொன்னான். பலகையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"பலகை இல்லாமல் எதை அளப்பாய்?" என்றார் படைத்தலைவர்.

"திறமையை அளக்கச் சொன்னார் மன்னர், ஐயா. பலகையை அளக்கச் சொல்லவில்லை."

ஒவ்வொருவன் அம்பு மூன்றையும் சுற்றிக் கயிறு போட்டான். கயிறு குறையக் குறைய வரிசை உயரும் என்றான். கறுப்பனுக்குச் சுவரில் பாதி தூரம் கயிறு ஓடியது. செங்கோடனின் மூன்று அம்பும் பலகை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. அரை முழம் கூடப் பிடிக்கவில்லை.

"நாட்டிலேயே முதல் வில்லாளி இவர்தான். குறை இருந்தால் சொல்லலாம்" என்றான் இடும்பன்.

செங்கோடன் முதல் வரிசைக்கு நடந்தான். முதல்வன் என்று சொன்னதற்கு எவன் குறை சொல்வான்?

"நம் அம்புக்கும் போடு" என்றார் ராஜா.

கயிறு போதவில்லை. இடும்பன் தலைப்பாகையை அவிழ்த்துக் கயிற்றோடு முடிந்தான்.

ராஜா முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருபது வருஷமாக நம்மிடம் தோற்றீர்களே, படைத்தலைவரே?"



மறுநாள் ராஜா கடை வரிசையில் நின்றார். கறுப்பன் இடும்பனிடம் நொண்டி வந்தான்.

"சாமி, ராசாவை எப்படி ஜெயிக்கிறது? வுட்டுக் குடுத்துரவா?"

"வுட்டுக் குடுத்துப் பாரு. அப்புறம் கயிறோட வந்து உன் பொய்யை அளந்துருவேன். பசி ராசாவுக்கா, உனக்கா?"

மறுபடி மாட்டிய பலகையில் கறுப்பனின் அம்பு இரண்டு பட்டது, ராஜாவுடையது ஒன்று. முதல் வரிசையில் செங்கோடன் வாசல் வேலை போன கடுப்பில் குறி தவறிக் கடைசியாக வந்தான்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த ஒரு அம்பைத் தானே பிடுங்கி வைத்துக்கொண்டார். அதுதான் அவர் நிஜமாகவே அடித்தது. கறுப்பனை வாசலில் உட்காரவைத்தார். இடும்பனுக்குப் பட்டுத் தலைப்பாகை கொடுத்தார். பழையதைவிடச் சிறியது.

"நீளம் குறைகிறதே, மன்னா" என்றான் இடும்பன்.

"அடுத்த வருஷம் கயிற்றோடு முடிய இதுவே போதும். தினம் பழகப் போகிறேன்" என்றார் ராஜா.